தக்காளி எங்கே ஓடிப்போகுது

கடைசியில் ஆறுச்சாமி டீக்கடை வாசலிலேயே நின்றுகொண்டார். முழு மனதாக நின்றார் என்று சொல்ல முடியாது. ஒரு கால் கடைப் படியில், ஒரு கால் ரோட்டில், உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தால் பாய்ந்து ஓடிவிடலாம் என்கிற நிற்பு. அவர் மனைவி வசந்தாமணி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் வந்துவிடுவார், வந்தால் பையை வாங்கிக்கொள்வார், பையை வாங்கினால் வாயையும் வாங்கிக்கொள்வார், அப்புறம் அவள் வெறுமனே அவர் பின்னால் நடந்துபோகிற ஒரு சேலை. உழவர் சந்தையின் இரும்புக் கதவு அகலத் திறந்திருந்தது. விலைப் பலகைக்கு முன்னால் ஒரே கூட்டம், எல்லாரும் அண்ணாந்து படித்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். எத்தனை வாய். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிற மாதிரி ஒவ்வொரு வாயிலிருந்தும் சொல் வருகிறது, ஒருத்தரும் அதை அதிசயமாக நினைப்பதில்லை. அவளும்தான் ஐம்பத்துநாலு வயதுவரை நினைக்கவில்லை. இன்று விடிந்ததிலிருந்து ஒரு வாக்கியத்தை வாய்க்குள்ளேயே கட்டிக் கட்டிப் பார்த்து, அவர் சட்டைப் பொத்தான் போடுகிற நேரம் பார்த்து எடுத்து வைத்தாள். "நீங்க டீ. நானு உள்ள." அவர் பொத்தானைப் பிடித்தபடியே நின்றார். "ஒருத்தியாவா? போன வாரமாட்ட ஆயிப்போச்சுன்னா?" ஒரு தடவை வந்த சொல் மறு தடவையும் வரும் என்று உறுதி கிடையாது, அது அவளுக்குத் தெரியும், ஆனாலும் வாயைத் திறந்தாள், வந்தது. "நானு உள்ள." அவர் பையை எடுத்துக் கொடுத்தார். கொடுத்தபோது அவர் கை அதை உடனே விட்டுவிடவில்லை.

போன ஐப்பசியில்தான். பனியன் கம்பெனியில் காலை ஷிப்டு, மிஷின்கள் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது, வசந்தாமணி கத்தினால் மட்டும் கடைசி மிஷின்வரைக்கும் கேட்கும். லைன் சூப்பர்வைசர் என்றால் கண் பாதி, தொண்டை பாதி. ஒரு பெண்ணின் தையல் கோணிக்கொண்டு போவதைப் பார்த்தாள், ஊசியைப் பாரு என்று சொல்லப் போனாள், ஊசி இல்லை. மிஷினில் ஊசி இருந்தது, வாயில் இல்லை. பஞ்சுத் தூசி தொண்டையை அடைத்துக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் கையிலிருந்த பீஸ் கீழே விழுந்தது, அதை ஏன் யாரும் எடுக்கவில்லை என்று யோசித்தபடி அவளே கீழே இருந்தாள். மூளையில் ரத்தம் கட்டியது கரைந்துவிட்டது என்றார்கள். கால் திரும்பி வந்தது. வலது கை முக்கால்வாசி வந்தது. கோணிய உதடு நேராக வந்தது. சொற்கள் மட்டும், பொங்கலுக்கு ஊருக்குப் போன டெய்லர்கள் மாதிரி, இஷ்டப்பட்டபோது ஒன்றிரண்டாக வந்தன, சிலது போன இடத்திலேயே இருந்துகொண்டன. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு கட்டுப் படங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள். குடை. யானை. கப்பல். இது என்ன, சொல்லுங்கம்மா. நல்ல பெண்தான், பொறுமைசாலி. ஆனால் வசந்தாமணிக்கு உள்ளுக்குள் எரியும். யானையைச் சொல்லி நான் என்ன பண்ணப்போகிறேன், ஆயுசில் ஒரு நாள் யானையை விலைக்குக் கேட்டிருக்கிறேனா, எனக்கு ஊசி வேண்டும், உப்பு வேண்டும், மூச்சு முட்டுகிறது ஜன்னலைத் திற என்பது வேண்டும். இதையெல்லாம் உள்ளே சொல்லிக்கொள்ள முடிகிறது, அதுதான் வேடிக்கை, உள்ளே அவள் எப்போதும்போல வாயாடி. வாசலுக்கு வரும்போதுதான் ஊமை.

இடது பக்கம் முதல் கடை சரசாத்தாளுடையது. கீரைக்காரி. ஈரச் சாக்கைப் போர்த்தி, கட்டுக்கட்டாகக் கீரையை அடுக்கி, மேலே தண்ணீரை விசிறிக்கொண்டே இருப்பாள், அந்தப் பக்கம் நடப்பவர்கள் காலிலும் கொஞ்சம் விழும். சந்தைக்கு வர ஆரம்பித்த புதிதில், டாக்டர் நடக்கச் சொன்னார் என்று ஆறுச்சாமி கூட்டிக்கொண்டு வந்த நாட்களில், சரசாத்தாள் இவளுக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டாள். கத்துவாள். கையால் குழம்பு கிண்டிக் காட்டி, விரலை வழித்து நாக்கில் வைத்துக் காட்டி, அரைக்கீரை நல்லாருக்கும் என்பதை ஒரு நாடகமாகவே நடத்துவாள். வசந்தாமணிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது, எது முந்தியது என்று தெரியவில்லை. மற்றவர்கள் எல்லாம் ஆறுச்சாமியைப் பார்த்து, "அவங்களுக்கு என்ன வேணுமாமுங்க?" என்று கேட்பார்கள். அவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பாள், நடுவில், ஒரு குடையோ கப்பலோ மாதிரி. சரசாத்தாள் ஒருத்திதான் கத்தினாலும் அவள் முகத்தைப் பார்த்துக் கத்தினாள்.

போன வாரம் இதே இடத்தில்தான் அது நடந்தது. அவர் சில்லறை மாற்றத் திரும்பிய நேரம் பார்த்து, இன்றைக்கு நாமே கேட்டுவிடுவோம் என்று ஒரு வேகம். கொத்தமல்லி. கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, வாசனை மூக்கில் இருக்கிறது, கொ என்கிற எழுத்தும் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. கொ இருந்தால் மிச்சம் தானாக வரும் என்று வாயைத் திறந்தாள். "ஒரு கட்டுக் கொழுந்தியா குடுங்க." சொன்னது தன் காதிலேயே விழுந்தது. வாங்கிக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பினார்கள். சரசாத்தாள் ஒரு நிமிஷம் கீரைக்கட்டைப் பிடித்தபடி இவளைப் பார்த்தாள். "அட சாமி, கொழுந்தியாளையெல்லாம் கட்டுக்கட்டா விக்க முடியும்னா நான் என்னத்துக்குக் கீரை விக்கறேன்? எங்கூட்டுக்காரருக்கு மூணு தங்கச்சி, இன்னிக்கே கட்டிக் கொண்டாந்துருவேனே!" எல்லாரும் சிரித்தார்கள். வசந்தாமணிக்கும் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிவந்தது, ஐப்பசிக்குப் பிறகு முதல் முழுச் சிரிப்பு, தொண்டைவரைக்கும் வந்துவிட்டது, அதற்குள் ஆறுச்சாமி கையைப் பிடித்துவிட்டார். முகம் கறுத்துவிட்டது. "ஒடம்புக்கு முடியாதவளைப் பாத்துச் சிரிக்கறீங்களே, நல்லாருக்குதா?" என்று சரசாத்தாளைக் கேட்டார், சந்தையே அடங்கியது, கொத்தமல்லி வாங்காமலேயே வீட்டுக்கு நடந்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குள்ளேயே நின்றுபோனது. அவள் அழுததாக அவர் நினைத்துக்கொண்டார். இல்லை, நானும் சிரிக்க வந்தேன், என்னைச் சிரிக்க விட்டிருக்கலாம் என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும், அந்த நீளத்துக்கு அவளிடம் நூல் இல்லை. இனிமேல் சந்தைக்கு வரவேண்டாம் என்றார். ஒரு வாரம் அவர் தனியாகப் போய் வாங்கிவந்தார், முற்றிய வெண்டைக்காயும் அடிபட்ட தக்காளியும்.

இப்போது சரசாத்தாள் இவளைப் பார்த்துவிட்டாள். தண்ணீர் விசிறிய கை நின்றது. பயமா அது, அந்த முகத்தில்? கோபமாக வந்திருப்பாள் என்று நினைக்கிறாளோ. கண் இவளுக்குப் பின்னால் போய் ஆறுச்சாமியைத் தேடியது, அவர் இல்லை என்று தெரிந்ததும் தணிந்தது. "வா அம்மிணி," என்றாள், இன்றைக்குக் கத்தவில்லை. "போன வாரம் நானு வாய்த்துடுக்கா ஏதோ சொல்லிப்போட்டேன். மனசுல வெச்சுக்காத." இல்லை, அப்படி இல்லை, வைத்துக்கொண்டேன்தான், ஆனால் வேறு மாதிரி வைத்துக்கொண்டேன். வாரம் முழுக்க ராத்திரி படுத்தபடி அந்த மூன்று தங்கச்சிகளைக் கட்டிக் கொண்டுவந்து அடுக்கிப் பார்த்தேன். வசந்தாமணி வாயைத் திறந்தாள். ஒன்றும் இல்லை. கீரையைக் காட்டினாள், தன் வாயைக் காட்டினாள், அப்புறம் அடக்கிவைத்திருந்ததெல்லாம் தானாகவே வெளியே வந்தது, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய. சரசாத்தாள் முதலில் பதறினாள், பிறகு புரிந்துகொண்டாள், பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். சுற்றி நின்ற ஒருத்தருக்கும் காரணம் தெரியாது, இரண்டு பெண்கள் கீரைக்கடையில் சாக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பையில் கொத்தமல்லி விழுந்தது. பெயரே சொல்லாமல்.

மனசு கொஞ்சம் லேசாகிவிட்டது, லேசாகும்போதுதான் கால் பின்னிக்கொள்ளும், மெதுவாக நட, வலது காலைப் பார்த்து வை. அடுத்தது வாழைக்காய்க்காரர். நல்லசிவம் என்று பலகையில் எழுதியிருக்கும், யாரும் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. இந்த மனிதரும் அவளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதே கிடையாது. அவள் விரலைக் காட்டுவாள், அவர் தலையை ஆட்டுவார், சீப்பிலிருந்து அரிந்து வைப்பார், அவளும் தலையை ஆட்டுவாள். இந்தச் சந்தையிலேயே தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆத்மா என்று அவள் பல நாள் நினைத்திருக்கிறாள். பாவம், இவருக்கும் ஏதோ ஒரு ஐப்பசி வந்து போயிருக்கும், இவர் வீட்டிலும் யானையையும் கப்பலையும் காட்டியிருப்பார்கள் என்று மனசு உருகியிருக்கிறாள். இன்றைக்குப் பக்கத்தில் போகிற நேரம் அவர் எழுந்து, மதிலோரம் போய், பளிச்சென்று செக்கச்செவேலென ஒரு வாய் துப்பிவிட்டு, திரும்பி, "அந்தப் பச்சைத் தாரை ஆருய்யா வெய்யில்ல வெச்சது?" என்று முழங்கினார். கணீரென்ற குரல். வெற்றிலை! இத்தனை மாதமும் வாய் நிறைய வெற்றிலை! வசந்தாமணிக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, ஏதோ ஒரு பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது. பேசாமல் இருப்பதற்கு உலகத்தில் எத்தனை காரணம். அவர் அவளைப் பார்த்தார், புது வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார், பழையபடி தலையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள்.

கடைசி வரிசைக்குப் போனால் கோகிலவாணி இருப்பாள். அதற்காகத்தான் வந்ததே. பொங்கலூர்ப் பக்கத்துத் தோட்டம், முப்பது வயது இருக்கும், காலை முதல் பஸ்ஸில் மூட்டைகளோடு வந்து இறங்குகிறவள். தக்காளி, கத்தரி, வெண்டை, கொஞ்சம் கொத்தவரை. முதல் முறை அந்தக் கடை முன்னால் நின்று, த, த, த என்று அடித்துக்கொண்டிருந்தபோது ஆறுச்சாமி வழக்கம்போல எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். "நீங்க இருங்கண்ணா," என்றாள் கோகிலவாணி. சொல்லிவிட்டு இவள் பக்கம் திரும்பி முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டாள். "மெதுவாச் சொல்லுங்க்கா. தக்காளி எங்கே ஓடிப்போகுது." அப்படியே உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஆள் நின்றார்கள், அவள் அவர்களைப் பார்க்கவில்லை. அந்த அமைதி, அதுதான் அதிசயம், யாரும் உள்ளே புகுந்து சொல்லைப் பிடுங்காத ஒரு இடம். தக்காளி வந்தது. வந்த சொல் நாக்கில் உருண்டையாக, சிவப்பாக இருந்தது. இன்று அந்தக் கடை இருக்குமா, அவளுக்கு இன்று அவசரமாக இருந்தால், அந்தப் பொறுமை ஒருநாள் பொறுமையாக இருந்தால், போன வாரக் கதை அவள் காதுக்கும் போயிருந்தால், ஐயோ பாவம் என்கிற முகத்தை அவளும் வைத்துக்கொண்டால். வேண்டாம், திரும்பிவிடு, கொத்தமல்லி இருக்கிறது, ஒரு பொருள் வாங்கியாகிவிட்டது, அது போதும். ஆனால் கால் போய்க்கொண்டே இருந்தது.

கோகிலவாணி நின்றபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள். "எந்த மூட்டைங்க? பச்சைக் கயிறு கட்டினதுங்களா? அய்யோ, எம்பட மூட்டைதானுங்க, அவரைக்கா மூட்டை!" போனைக் கீழே இறக்கி, இவளைக் கண்டதும் முகம் விரிந்தது. "அக்கா, நல்ல வேளை வந்தீங்க. பஸ்ஸு மேல ஒரு மூட்டையை விட்டுப்போட்டேனுங்க. வண்டி ஸ்டாண்டுலதான் நிக்குதாம், எடுக்கறதுக்குள்ள வாங்கன்னு கண்டக்டர் சொல்றார். பக்கத்துக் கடைக்கார அக்காளும் இன்னிக்கு வரலைங்க. செத்த நேரம் இங்க சாக்குல குக்கிக்கோங்க, வெலையெல்லாம் பலகைல இருக்குது, தராசு பட்டனை அமுக்குனாப் போதும், ஓடி வந்தர்றேன்." முடியாது. அந்தச் சொல்தான் வேண்டும், முடியாது, எனக்கு முடியாதம்மா, என்னைப் பார், என் பெயரைக் கேட்டாலே அரை நிமிஷம் ஆகும். மு. அது உதட்டுக்கு வந்தது. மு. உதட்டைக் குவித்துக்கொண்டு நின்றாள், கோகிலவாணி செருப்பை மாட்டினாள், மு, கோகிலவாணி மூலை திரும்பினாள். "முடியாது" என்று வசந்தாமணி தெளிவாகச் சொன்னபோது எதிரே தக்காளிக் குவியல் மட்டும் இருந்தது.

சரி. உட்கார். விழாமல் உட்கார். கடைக்கு இந்தப் பக்கம் ஒரு சாக்கு மடித்துப் போட்டிருந்தது, இன்னும் கோகிலவாணி உட்கார்ந்த சூடு இருந்தது. இங்கிருந்து பார்த்தால் சந்தை வேறு மாதிரி, முகங்களை விட வயிறுகளும் பைகளும்தான் முதலில் தெரிகின்றன. யாரும் வரக்கூடாது, கடவுளே, கொஞ்ச நேரத்துக்கு இந்த ஊரில் யாருக்கும் காய் வேண்டாம். ஹெல்மெட் போட்ட ஒருவன் வந்து, "தக்காளி ஒரு கிலோ" என்றான். அவள் பலகையைத் தொட்டுக் காட்டினாள். அவன் படித்தான், தலையை ஆட்டினான். இடது கையால் எடுத்தாள், ஒன்று கனிந்துவிட்டது, ஒதுக்கு, தராசில் சிவப்பு எண்கள் ஓடி ஓடி நின்றன. அவன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். போயே போய்விட்டான்! ஏதோ கேட்பான் என்று காத்திருந்தாள், ஏன் பேசவில்லை என்று, உடம்புக்கு என்ன என்று. ஒன்றும் இல்லை. அவனுக்கு அவள் தக்காளிக்காரி. அவ்வளவுதான். எவ்வளவு நல்ல வேலை இது. அடுத்து வந்த பெண் கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவசரமாக நின்றாள். "கத்தரிக்கா இன்னிக்குப் பறிச்சதா, நேத்துப் பறிச்சதா?" இன்னிக்கு. இன்னிக்கு என்பதைச் சொல். "நேத்து," என்றாள் வசந்தாமணி. ஐயோ, இல்லை. "நேத்து... இல்ல... நேத்து." ஒரு சொல் வந்து குறுக்கே படுத்துக்கொண்டால் அப்புறம் எதையும் தாண்ட விடாது, நடுரோட்டில் படுத்த எருமை மாதிரி. அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எதிர்க் கடைப்பக்கம் திரும்பினாள். வசந்தாமணிக்குக் கோபம் வந்தது. தன் மேல் இல்லை, வழக்கமாக வருகிற கோபம் இல்லை இது, கோகிலவாணி விடியுமுன் டார்ச் அடித்துப் பறித்துவந்த காயை நேற்றையது ஆக்கிவிட்டேனே என்கிற கோபம். ஒரு கத்தரிக்காயை எடுத்து நீட்டினாள், அந்தப் பெண்ணின் கைக்குள்ளேயே வைத்து அழுத்தினாள். "ஸ்ஸ்!" காம்பு முள் குத்திவிட்டது. வாடிய காயில் முள் எங்கே குத்தும். அந்தப் பெண் விரலைச் சூப்பியபடி காயைத் திருப்பிப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். "சரிதாங்க, புரிஞ்சுது. அரைக் கிலோ போடுங்க."

இப்படியே இரண்டு மூன்று பேர். ஒரு பெரியவர், "புதுசா இருக்கீங்களே அம்மிணி, கோகிலாவுக்கு அக்காளா?" என்று கேட்டார். "ஆமா," என்றாள். ஆமாவும் இல்லையும் அவளுக்கு அடிக்கடி இடம் மாறிப் போகும், இது மாறி வந்ததா சரியாக வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை, திருத்தத் தோன்றவில்லை. வலது கை விரல்கள் வெண்டைக்காயைத் தடவிக்கொண்டிருந்தன, மெல்லிய பூனைமயிர், சொரசொரப்பு, இது உறைக்கிறதே, விரலுக்கு உறைக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆறுச்சாமி தெரிந்தார். வரிசையின் கோடியில், கழுத்தை நீட்டி, தலைகளுக்கு மேலே தேடிக்கொண்டு. டீயை முழுக்கக் குடித்திருக்க மாட்டார். நடை ஓட்டமாக மாறப் போகிற நடை. அவள் பேச்சில்லாமல் படுத்திருந்த நாட்களில் தலை பின்னக் கற்றுக்கொண்ட மனிதர், கயிறு திரிக்கிற மாதிரி இறுக்கிப் பின்னிவிட்டு, வலிக்குதா என்று கேட்டு, பதில் வராது என்று தெரிந்தும் கேட்டு, அவரே இல்லை என்று சொல்லிக்கொள்வார். அப்போது அது தேவையாக இருந்தது. அப்போது தொடங்கியது இப்போதும் நிற்கத் தெரியாமல் ஓடுகிறது. அவர் நேராகக் கடையை நோக்கி வந்தார். வந்தார், கடந்து போனார். வாங்குகிறவர்கள் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார், விற்கிறவள் பக்கம் கண் வரவே இல்லை. அவர் முதுகு தூரமாகப் போகிறது. முதுகிலேயே பயம் தெரிகிறது. அந்த மூலை தாண்டிவிட்டால் வெளிக்கதவு, அங்கே ரோடு, லாரிகள், அவர் என்ன நினைத்துக்கொள்வார். "ஏனுங்!"

அது அவள் குரல். மிஷின் இரைச்சலைத் தாண்டிக் கடைசி லைன்வரை போகிற குரல், ஐப்பசியிலிருந்து எங்கே இருந்ததோ. சந்தையில் நாலைந்து ஆண்கள் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். எல்லாரும் யாரோ ஒருத்திக்கு ஏனுங்தானே. கடைசியாக ஆறுச்சாமியும் திரும்பினார். தேடினார், கண்டுபிடித்தார், காய்க்குவியலுக்கு அந்தப் பக்கம் சாக்கில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிற தன் மனைவியைப் பார்த்து வாயைத் திறந்தபடி வந்தார். "இங்கென்ன பண்றே? ஆரு உன்னைய உக்கார வெச்சது? எந்திரி, எந்திரி மொதல்ல." அவள் எழவில்லை. எழ முடியாது, பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், வாயால் ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும். "கடை," என்றாள். "எம்பட... கடை." அது சரியில்லை, ஆனால் இப்போதைக்கு அது போதும்.

அவர் மேலும் ஏதோ சொல்ல வருவதற்குள் நடுவில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும், முக்காடு, மூக்கில் கல், கழுத்தில் பனியன் கம்பெனி அடையாள அட்டை. பீகார்ப் பக்கத்துப் பெண். இவள் லைனிலும் இப்படி எத்தனையோ பேர் இருந்தார்கள், கையைப் பிடித்து வேலை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் கொத்தவரங்காயைக் கை நிறைய அள்ளி, ஊரிலிருந்து வந்த உறவுக்காரரைப் பார்த்த மாதிரி பார்த்தாள். "அக்கா, இது எங்க ஊர் குவார். தமிழ்... தமிழ் என்ன?" என்று வசந்தாமணியிடம்தான் கேட்டாள். இந்தத் திருப்பூரில் இத்தனை வாய் இருக்க, என்னிடமா தமிழ் கேட்கிறாய் பெண்ணே. வசந்தாமணி அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணை அகல விரித்துக்கொண்டு, உதட்டை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, வரப்போகிற சொல்லை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளத் தயாராக நிற்கிறாள். எதைச் சொன்னாலும் நம்புவாள். தலைகாணி என்று சொன்னால் நாளைக்குக் கடை கடையாகப் போய்த் தலைகாணி கால் கிலோ என்று கேட்பாள், ஊரே சிரிக்கும், அவளுக்கு ஏன் என்று புரியாது. படம் காட்டிய பெண்ணிடம் தப்பாகச் சொன்னால் அடுத்த படம். இங்கே அடுத்த படம் இல்லை. இங்கே சொல் சரியாக வரவேண்டும்.

ஆறுச்சாமி பக்கத்தில் நின்றார். அவருக்குத் தெரியும், பொரியலில் அவருக்குப் பிடித்த காய், அவர் உதடு குவிந்துவிட்டது, கொ என்பது அந்த உதட்டில் முழுசாகத் தெரிகிறது, இதோ விழப்போகிறது. வசந்தாமணி அவரைப் பார்த்தாள். கையைத் தூக்கவில்லை, தலையை ஆட்டவில்லை, வெறுமனே பார்த்தாள். அவர் உதடு அப்படியே நின்றது. பிறகு, மிகவும் பிரயாசைப்பட்டு, கொதிக்கிற கஞ்சியை விழுங்குகிறவர் மாதிரி, அந்தச் சொல்லை அவர் விழுங்கினார். தொண்டைக்குழி ஏறி இறங்குவது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கோ கூரைத் தகரத்தைப் பார்த்தார். அவரைச் சுற்றி எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள், இந்த மூன்று பேர் நின்ற இடம் மட்டும் கிணற்றடி மாதிரி அமைதியாக இருந்தது. கொ. கொ என்றால் என்னென்னவோ வரும், அந்தப் பக்கம் போகாதே, காயைப் பார், எப்படி இருக்கிறது, செடியில் எப்படிக் காய்க்கும், ஒற்றை ஒற்றையாகவா, இல்லை, ஒரு கணுவில் பத்து, பன்னிரண்டு. "கொத்து," என்றாள். "கொத்து," என்றாள் அந்தப் பெண், பயபக்தியோடு. "இல்ல. இரு." அது தானாக வந்தது, இல்ல, இரு, இரண்டு சொல், ஒன்றையும் கூப்பிடவில்லை. கொத்து. கொத்தாகக் காய்க்கிற எது, இது எந்தச் சாதிக் காய், பந்தலில் ஏறாது, ஆனால் அவரைக் குடும்பம்தான். "கொத்த," என்று ஒரு படி ஏறி நின்றாள். அங்கே நின்று மூச்சு வாங்கினாள். யாரும் தள்ளவில்லை. "வரை." இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தாள், கோணாமல். "கொத்தவரை."

"கொத்தவரை," என்றாள் அந்தப் பெண். மறுபடி, "கொத்தவரை, கொத்தவரை," என்று சொல்லிப் பார்த்து, தலையை ஆட்டிச் சிரித்து, கால் கிலோ வாங்கிக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நம் சொல் அவள் வாயில் போகிறது என்று வசந்தாமணி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுச்சாமி கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். கண் சிவந்திருந்தது. குனிந்து, யாரோ தட்டிவிட்டதில் உருண்டிருந்த இரண்டு தக்காளியைப் பொறுக்கிக் குவியலில் வைத்தார். வைத்ததும் இடம் பிடிக்காமல் ஒன்று மறுபடி உருண்டது, அதையும் பொறுக்கி வைத்தார்.

கோகிலவாணி மூச்சிரைக்க வந்தாள், தலையில் மூட்டை, பச்சைக் கயிறு. "கெடைச்சிருச்சுங்க்கா! வண்டி கெளம்பிருச்சு, கையைக் காட்டி நிறுத்திப்போட்டேன்." மூட்டையைத் தொப்பென்று இறக்கி, குவியல் குறைந்திருப்பதைப் பார்த்தாள், சாக்குக்கு அடியில் செருகியிருந்த ரூபாயைப் பார்த்தாள், ஆறுச்சாமியைப் பார்த்தாள். "அண்ணாவும் கடைல நின்னாங்களாக்கும்?" ஆறுச்சாமி தொண்டையைச் செருமினார். "நானு சும்மாதாம்மா நின்னேன்," என்றார். சொல்லிவிட்டு, "சும்மா நிக்கறது லேசுப்பட்ட வேலை இல்லை," என்றார். கோகிலவாணி மூட்டைக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அவரைக்காய் பச்சைப்பசேலென்று சரிந்து விழுந்தது, தோட்டத்துப் பனி இன்னும் காயவில்லை, வசந்தாமணியின் முட்டியெல்லாம் ஈரம். வெயில் இன்னும் தகரத்துக்குள் இறங்கவில்லை. நாலைந்து பேர் புதுக்காயைக் கண்டு இந்தப் பக்கம் வர ஆரம்பித்தார்கள்.

ஆறுச்சாமி பையை எடுத்துக்கொண்டார். அவளுக்கு முன்னால் குந்தினார், முகத்துக்கு நேராக. "போலாமா?" என்றார். வழக்கமாக அதைச் சொல்லும்போதே கை நீளும், அவள் எழுந்துகொண்டிருப்பாள், அது கேள்வியே கிடையாது. இன்று கை நீளவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வசந்தாமணி வாயைத் திறந்தாள், திறந்ததும் திகைத்துப்போனாள். இரண்டு சொற்கள் ஒன்றாக வந்து நின்றன. போலாம் என்பது ஒன்று. இருங்க என்பது ஒன்று. இரண்டும் முழுசாக, முனை உடையாமல், இதைச் சொன்னாலும் வரும் அதைச் சொன்னாலும் வரும் என்று பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இத்தனை மாதமாக ஒன்றே ஒன்றுக்குத் தவம் கிடந்தாள், வந்ததை வாங்கிக்கொண்டாள். எது வேண்டும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவசரமில்லை. அவள் இரண்டையும் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.